தாடையின் உள்பக்கம்

அவனை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபது வருஷம் ஓடிவிட்டது, தலையில் பாதி வெளுத்துவிட்டது, இன்னும் பிடிக்கவில்லை. மன்னித்துவிட்டால் உடம்புக்கு நல்லது என்கிறார்கள். என் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

எழுபதுகளின் கடைசி. ஈப்போவை விட்டு லஹாட் போகிற சாலையில், சுண்ணாம்புக்கல் மலை ஒன்றின் காலடியில், தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை. சுரங்கங்களிலிருந்து மணல் மூட்டை மூட்டையாக வரும். அதில் வெள்ளீயம் எவ்வளவு, வேறு என்னென்ன கிடக்கிறது என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. வெள்ளீயத்தைக் கழுவி எடுத்த பிறகு மிஞ்சுகிற கறுப்பு மணலை அமாங் என்பார்கள். அந்த அமாங்கை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் பரப்பி, ஊசி முனையால் மணி மணியாகப் பிரிப்பவள் நான். ஊரெல்லாம் வெயில் கொளுத்தும். எனக்கு மட்டும் ஒரு சின்ன வட்டத்துக்குள் வெளிச்சம். அந்த வட்டத்துக்குள் நான் சொன்னதுதான் சட்டம்.

கொட்டகையின் கோடியில் கல்லுடைக்கிற மெஷின். இரண்டு கனத்த இரும்புத் தட்டுகள். ஒன்று அசையாது, மற்றது வந்து வந்து மோதும். நடுவில் போட்ட கல் கடிபட்டு நொறுங்கிக் கீழே கொட்டும். நாங்கள் அதைத் தாடை என்போம். தாடையை ஓட்டியவர் ஒரு அண்ணே. தோட்டத்து ஆலையில் ரப்பர் ரோலர் ஓட்டியவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது என்னைப்போல அவரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஈப்போ ஓரத்துப் புந்தோங்குக்கு வந்தார். இடது கையில் இரண்டு விரல் கிடையாது. ரோலர் தின்றது என்பார், வீட்டு நாய் செருப்பைத் தின்றதைச் சொல்வதுபோல.

இந்தக் கொட்டகைக்கு அவன் மேனேஜராக வந்தான்.

வெள்ளைச் சட்டை, பையில் நான்கு பேனா, மைசூர்ப் பக்கம் போய்க் கல்லைப் படித்துவிட்டு வந்த பட்டம். வந்த முதல் நாளே எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்துக் கேட்டான்:

“நீ மூணாம் லயத்துப் பொண்ணுதானே?”

“நீங்க கிராணி வூட்டுப் பையன்தானே?” என்றேன்.

அண்ணே சிரிப்பை இருமலாக்கி விழுங்கினார்.

கிராணி என்றால் தோட்டத்து குமாஸ்தா. தொரைக்கு அடுத்த தொரை. தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் பதிவது அவர்தான். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகச் சைக்கிள் மிதிப்பாரா மனுஷன்? சேர்த்துவைத்து ஒரே நாளில் எழுதிவிட்டு வருவார். கூலிக்காரர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஐந்து பேருக்கு ஒரே பிறந்த நாள். என்னிடம் இன்னும் தாராளம்: இரண்டு வருஷம் கூட்டி எழுதிவிட்டார். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது முடித்து வெளியே வந்து, டவுன் பள்ளிக்கூடத்துக்கு மனுப் போட்டபோது, இவளுக்கு வயது தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். அப்பா கிராணி வீட்டுப் படியில் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “எழுதினது எழுதினதுதான்,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அந்தக் குரலுக்குப் பின்னால் யாரோ ஆங்கிலப் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. மறுவாரம் என் கையில் மரம் சீவுகிற கத்தி.

ஆகவே, ஒப்பித்துக்கொண்டிருந்தவன் எனக்கு மேனேஜராக வந்து நின்றபோது என்னிடம் மலர்மாலை எதிர்பார்த்திருக்க முடியாது.

அவன் எதிர்பார்க்கவும் இல்லை. என் மேசைக்கு வந்தால் குனிந்து பார்க்கமாட்டான், நின்றவாக்கிலேயே கேட்பான். “இது சிர்கோன்தானா?” என்பான், நான் மணி மணியாகப் பிரித்து வைத்த குப்பியைத் தூக்கிப்பிடித்து. “இல்ல சார், அரிசி. பொங்கலுக்கு எடுத்து வச்சிருக்கேன்,” என்பேன். ‘சார்’ என்ற சொல்லை என்னைப்போல் கசக்கிச் சொல்ல ஈப்போவில் ஆள் கிடையாது.

*

அவன் தன்னோடு இரண்டு மரப்பெட்டிகள் கொண்டுவந்திருந்தான். சென்னையிலிருந்து பினாங்குக்குக் கப்பலில் வந்த பெட்டிகள். உள்ளே கல். வெள்ளீயத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை, எங்கள் பேரா மாநிலத்துக்கும் சம்பந்தமில்லை. கோலார் தங்கவயலிலிருந்து பொறுக்கியவை. பாதி, கரும்பச்சை. பாதி, சாம்பலும் வெள்ளையுமாக வரி ஓடிய கல்.

தங்கவயல் என்ற பேரைக் கேட்டதும் அண்ணே நிமிர்ந்தார். வட ஆர்க்காட்டில் அவருடைய தாத்தாவும் தாத்தாவின் தம்பியும் ஒரே மாதத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பியவர்கள். ஒருவர் கப்பலேறி இங்கே ரப்பருக்கு வந்தார், மற்றவர் ரயிலேறித் தங்கச் சுரங்கத்துக்குப் போனார். “எங்க சின்னத் தாத்தா இந்தக் கல்லைத்தான் ஒடைச்சிருப்பாரு. இப்ப நான் ஒடைக்கிறேன். குடும்பத் தொழில் லா,” என்றார்.

அந்தக் கல்லின் கதையை அவன் எனக்குச் சொன்னதில்லை. கொட்டகை முதலாளி, சீனத் தவுக்கே, ஒருநாள் கேட்டபோது அவருக்கு மலாயில் விளக்கினான். நான் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டேன்.

பச்சைக்கல் ஒரு காலத்தில் எரிமலைக் குழம்பு. பூமி சின்னதாய், சூடாய், யாருமில்லாமல் கிடந்த காலத்தில் கடலுக்கடியில் கொட்டியது. பிறகு புதைந்து, வெந்து, பச்சையாகிவிட்டது. இப்போது நீளநீளப் பட்டைகளாகக் கிடக்கிறது. பட்டையின் இரண்டு பக்கமும் அடியிலும் அந்தச் சாம்பல் கல். கேள்வி இதுதான்: குழம்பு கொட்டியபோது சாம்பல் கல் ஏற்கெனவே தரையாக அங்கே இருந்ததா? அல்லது குழம்பு முதலில் வந்து, சாம்பல் கல் பின்னால் அடியிலிருந்து உருகி மேலே முட்டி நுழைந்ததா? இரண்டுக்கும் வயது தெரிந்தால் பட்டை பிறந்த விதம் தெரியும். அவன் சாம்பல் கல்தான் மூத்தது என்று எழுதிவைத்திருந்தான். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு பேராசிரியர், நிரூபித்துக் காட்டு, உனக்கு ஆராய்ச்சிக்கு இடம் தருகிறேன் என்று பதில் போட்டிருந்தார். கல்லை இங்கே உடைத்து, அரைத்து, சுத்தமாகப் பிரித்து அனுப்ப வேண்டும். அங்கே அளப்பார்கள். சரியாக வந்தால் அவன் போகலாம். வராவிட்டால் சாகும்வரை லஹாட் சாலையில் அமாங்.

தவுக்கே, “ஓ,” என்றார். அவருக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. கல்லுக்கு வயது எப்படித் தெரியும்? அதையும் அவன் சொல்லிக்கொண்டே போனான். கல்லுக்குள் கொஞ்சம் யுரேனியம் இருக்கும். அது காலம் போகப் போகக் காரீயமாக மாறும். எந்தச் சாதிக் காரீயம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் வயது வந்துவிடும்.

அன்றைக்கு எனக்குத் தோன்றியது ஒன்றுதான். கல்லுக்குத் தன் வயதைத் தானே எழுதிவைத்துக்கொள்ளத் தெரிந்திருக்கிறது. அதற்குக் கிராணி தேவைப்படவில்லை.

சாம்பல் கல்லை முதலில் உடைத்தார்கள். சலித்து, கழுவி, கனத்த திரவத்தில் மூழ்கவிட்டு, காந்தத்தில் காட்டி, கடைசியில் மிஞ்சிய சிட்டிகைத் தூளை என் வட்டத்துக்குள் கொட்டினார்கள். அதிலிருந்து சிர்கோன் மணிகளைப் பொறுக்கினேன், யுரேனியம் தங்குவது அவற்றில்தான். கண்ணிமை மயிரின் அகலம்கூட இல்லாத மணிகள். வெளிர் ஊதா, இரண்டு முனையும் கூர். விரிசல் இருந்தால் கூடாது, மங்கல் இருந்தால் கூடாது. இரண்டரை மாதம் பொறுக்கினேன். தும்மல் வந்தால் எழுந்து வெளியே ஓடுவேன். அவனுக்காக அல்ல. அந்த மணிகளை எனக்குப் பிடித்திருந்தது. நல்ல மணி ஒன்று ஊசியில் ஒட்டி எழும்போது நெஞ்சுக்குள் ஏதோ பொட்டென்று அமரும். என்ன அது என்று இன்றுவரை எழுதிப் பார்க்கிறேன், வரவில்லை.

குப்பியைக் கொடுத்தபோது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். “ம்,” என்றான்.

இரண்டரை மாதத்துக்கு ஒரு ‘ம்’.

*

அடுத்து பச்சைக்கல். அதில் சிர்கோன் கிடையாது. ஆகையால் கல்லையே மாவாக அரைத்து, அந்த மாவை அனுப்ப வேண்டும். ஏழெட்டுக் கல். ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைப் பெட்டியில் திரும்ப வைத்தான். மறுபாதிகளை மேசையில் வரிசைப்படுத்தினான். வெள்ளிக்கிழமை தாடையைத் தன் கையாலேயே துடைத்தான், சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு.

“திங்கக்கிழமை காலையில அரைக்கிறோம். அதுவரைக்கும் இதை யாரும் தொடக்கூடாது.”

அண்ணே தலையைச் சொறிந்தார். “சார், நாளைக்கு ஆயுத பூசை. வருஷா வருஷம் தாடைக்குப் பொட்டு வைப்போம்.”

“பொட்டும் வேணாம், பூவும் வேணாம். எதுவும் வேணாம்.”

சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

அண்ணே அந்த மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் தின்ற ரோலருக்கே வருஷம் தவறாமல் பொட்டு வைத்தவர். அந்த விபத்து நடந்த வருஷம் மட்டும்தான் பூசை தவறியதாம். யாரோ வெள்ளைக்காரர் வருகிறார் என்று ஆலையைச் சுத்தமாக வைக்கச் சொன்னார்களாம். இதை அவர் எனக்கு இருபது தடவையாவது சொல்லியிருப்பார்.

“வேதக்காரனுக்கு நம்ம சாமி கசக்குது,” என்றேன். அவன் வீட்டில் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவார்கள், சிலுவை போட்ட கோயிலுக்கு. அவன் சொன்னதற்கு அதைத் தவிர வேறு காரணம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்ற இடம் கொடுக்கவில்லை என்பதுதான் சரி.

“விடு தங்கச்சி. சூசா வேணாம், வம்பு எதுக்கு. மேனேஜர் சொல்லிட்டாரு.”

“கிராணி மவன் சொன்னா சரஸ்வதி லீவு எடுத்துக்குவாளா?”

மறுநாள் அவன் இல்லை. பசாரில் காகிதப் பொட்டலத்தில் குங்குமம் வாங்கிக்கொண்டு போனேன். பாக்கெட்டில் வருவதைவிடச் சிவப்பு அது, கொஞ்சம் ஆரஞ்சுச் சாடை, விரலில் கனமாக ஒட்டும். தராசுக்கு வைத்தோம், சல்லடைகளுக்கு வைத்தோம், என் மைக்ராஸ்கோப்புக்கு வைத்தோம். தாடைக்கு முன்னால் வந்தபோது அண்ணே கையை இழுத்துக்கொண்டார்.

“வெளியில வச்சா திங்கக்கிழமை கண்டுபிடிச்சிடுவாரு.”

“அப்ப உள்ள வைப்போம்.”

உள்ளே. இரண்டு தட்டுகளின் பல்வரிசையிலும். குங்குமத்தைச் சந்தனத்தில் குழைத்து, மேலும் கீழுமாக, மூன்று மூன்று பொட்டு. வைத்தது நான். அண்ணே கற்பூரம் காட்டினார். அவன் குனிந்து பார்க்கிற ஆளில்லை என்று எனக்குத் தெரியும். திங்கட்கிழமை வந்தான், வெளியே பார்த்தான், திருப்தியாகத் தலையை ஆட்டினான், முதல் பச்சைக்கல்லை உள்ளே போட்டான். தாடை கடித்தது. எனக்கு அன்று முழுக்க நாக்கில் தித்திப்பு.

அதோடு விடவில்லை. அந்த வெற்றியின் ருசியில் அண்ணே ஒவ்வொரு வெள்ளியும் உள்ளே ஒரு பொட்டு வைக்க ஆரம்பித்தார். யாருக்கும் தெரியாமல் சாமி கும்பிடுவதில் ஒரு தனிச் சுகம் இருப்பதாகச் சொன்னார்.

*

தைப்பூசம் முடிந்து சில வாரத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து கடிதம். அவன் அதை நின்றுகொண்டே படித்தான், பிறகு உட்கார்ந்து படித்தான். முகம் சுண்ணாம்பு.

சாம்பல் கல்லின் மணிகள் நன்றாக இருந்தன. அமிலத்தில் கழுவிவிட்டுத்தான் கரைப்பார்களாம், அளந்துவிட்டார்கள். பச்சைக்கல் மாவில்தான் கோளாறு. அந்த மாதிரிக் கல்லில் காரீயம் இருப்பதே துளிக்குத் துளி. இதில் அள்ளிக் கொட்டியிருக்கிறது. அதுவும் பழைய கல்லின் காரீயம் அல்ல, கடையில் விற்கிற சாதிக் காரீயம். எங்கேயோ கலந்துவிட்டது. மீதிப் பாதிகளை அரைத்து அனுப்பு, இதற்குமேல் தவணை இல்லை.

காரீயம் எங்கிருந்து வந்தது என்று அவன் கொட்டகையைத் தலைகீழாக்கினான். கூரைப் பெயின்டைச் சுரண்டினான். பற்றவைப்புக் கம்பியைத் தூக்கி எறிந்தான். லாரிக்காரனின் பழைய பேட்டரியைத் தெருவில் வைத்தான். பெட்ரோல் புகை வருகிறதென்று மோட்டாரைப் பத்தடி தள்ளி நிறுத்தினான். தாடையை வெளியே பளபளவென்று துடைத்தான்.

எனக்கு வேடிக்கையாக இருந்தது, இரண்டு நாள். மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. அண்ணே பொட்டலத்தைப் பிரித்து, தாடைக்குள் கையை விடுவதைப் பார்த்தேன். விரலில் கனமாக ஒட்டுகிற சிவப்பு.

குங்குமம் இவ்வளவு கனக்குமா?

அண்ணே போன பிறகு ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டேன். அமாங்கில் என்ன இருக்கிறது என்று பார்க்க நாங்கள் தினமும் செய்கிற சோதனைதான். கரித்துண்டில் சின்னக் குழி, குழியில் குங்குமம், கூடக் கொஞ்சம் சோடா. ஊதுகுழலை வாயில் வைத்து விளக்கின் நெருப்பை அதன்மேல் படும்படி ஊத வேண்டும், மூச்சு விடாமல். சிவப்பு முதலில் கருகியது. பிறகு கரியைச் சுற்றி மஞ்சள் படர்ந்தது. பிறகு குழிக்குள், யாரோ கண்ணைத் திறந்ததுபோல, ஒரு துளி மினுங்கியது. ஆறியதும் நகத்தால் அழுத்தினேன். பள்ளம் விழுந்தது. காகிதத்தில் இழுத்தேன். சாம்பல் கோடு.

காரீயம். சிவப்பு எடுப்பாக இருக்க எவனோ காரீயச் செந்தூரத்தைக் கலந்து விற்றிருக்கிறான். அதை நாங்கள் பக்தியோடு கல்லுக்கு ஊட்டியிருக்கிறோம்.

அண்ணேவிடம் மறுநாள் சொன்னேன். புந்தோங்கில் அவர் வீட்டு வாசலில் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டதும் கை நின்றுவிட்டது.

“சாமிக்கு வச்சது விஷமா?”

“விஷம் இல்லண்ணே. கல்லுக்கு ஆகாது, அவ்ளோதான்.” அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

டியூபைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “சொல்லாத. சொன்னா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும். இந்த விரலை வச்சிக்கிட்டு வேற எவன் எடுப்பான் என்னை? திங்கக்கிழமை அவன் அரைக்கட்டும். திரும்பக் கெட்டா அவன் தலையெழுத்து. உனக்கென்ன, உனக்கு அவனைக் கண்டாலே ஆகாதே.”

ஆகாது. அதுதான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதையே தின்றுகொண்டிருந்தேன். ஒன்றுமே செய்ய வேண்டாம். மேசையில் உட்கார்ந்து ஊசியைப் பிடித்திருந்தால் போதும். மீதிக் கல்லும் கெட்டுவிடும், ஆஸ்திரேலியாக் கதவு மூடிவிடும், கிராணி மகன் தன் நான்கு பேனாவோடு அமாங் மணலில் கிழவனாவான். அவனும் ஒருநாள் படியில் நின்று கேட்கட்டும், எழுதினது எழுதினதுதான் என்று. எத்தனை வருஷமாகக் காத்திருந்த விருந்து. இலை போட்டாயிற்று.

*

திங்கட்கிழமை அண்ணே ஸ்விட்சைப் போட்டார். தாடை வெறுமனே கடித்துக்கொண்டிருந்தது. அவன் மீதிப் பாதிகளில் முதல் கல்லைக் கையில் எடுத்தான். கழுவிய பச்சை, ஈரத்தில் பாம்பு முதுகுபோல. அண்ணே என்னைப் பார்த்தார். நான் மைக்ராஸ்கோப்பைப் பார்த்தேன். பிறகு என் கால்கள் கொட்டகையின் கோடிக்குப் போயிருந்தன, என் கை சிவப்புப் பொத்தானை அழுத்தியிருந்தது.

தாடை இரண்டு தரம் இழுத்து நின்றது.

“கரண்டு போச்சா?” என்றான்.

“நான்தான் நிறுத்தினேன்.” காகிதத்தில் மடித்து வைத்திருந்த அந்தத் துளியை மெஷின்மேல் வைத்தேன். “இதுதான் நீங்க தேடற காரீயம். குங்குமத்துலேருந்து ஊதி எடுத்தேன். தாடைக்கு உள்பக்கம் பூசியிருக்கு. ஆயுத பூசைக்கு வச்சேன். நான்தான் வச்சேன்.”

அவன் முதன்முறையாகக் குனிந்தான். டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தான். எவ்வளவு நேரம் பார்த்தான் என்று சொல்ல முடியாது. நிமிர்ந்தபோது கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

“வெளியில வச்சிருந்தா துடைச்சிருப்பேன்ல?”

“வெளியில வைக்க நீங்க எங்க விட்டீங்க?”

“நான் சாமி வேணாம்னா சொன்னேன்? மெஷின்ல எதுவும் படக்கூடாதுன்னு சொன்னேன்!”

“ஏன் எதுக்குன்னு சொல்ல வாயில்லையா? லயத்துக்காரிக்குப் புரியாதுன்னு முடிவு பண்ணிட்டீங்க.”

“சொன்னா மட்டும் புரிஞ்சிருக்குமா?”

“ஊதிக் கண்டுபிடிச்சது யாரு? நீங்களா? நீங்க கூரையைச் சொரண்டிக்கிட்டு இருந்தீங்க.”

“உன்னையெல்லாம் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில பூட்டி வைக்கணும்.”

“போறேன். பக்கத்துக் கட்டிலை உங்களுக்குப் பிடிச்சு வைக்கிறேன்.”

அண்ணே நடுவில் வந்தார். “சார், வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை வச்சது நானு. இந்தப் பொண்ணை மட்டும் சொல்லாதீங்க.”

“நீங்க சும்மா இருங்கண்ணே,” என்று நாங்கள் இருவருமே ஒரே நேரத்தில் கத்தினோம். அது எனக்கு இன்னும் ஆத்திரமூட்டியது, அவனோடு சேர்ந்து ஒரு வாக்கியம் சொல்லிவிட்டது.

அவன் கல்லை மேசையில் வைத்தான். “தெரிஞ்சுதான் வச்சியா? காரீயம்னு தெரிஞ்சு?”

“தெரியாது. உங்களுக்குப் பிடிக்காதுன்னு தெரியும். அதுக்குத்தான் வச்சேன்.”

“நான் உனக்கு என்ன பண்ணேன்?”

உண்மையாகவே கேட்டான். அதுதான் தாங்கவில்லை. சொன்னேன். இரண்டு வருஷம், பள்ளிக்கூடம், படியில் நின்ற அப்பா, எல்லாம். “உங்கப்பா பேனாவை ஒரு இழுப்பு இழுத்தாரு, என் வயசு தப்பாயிடுச்சு. அதைக் கழுவிக் கொடுக்க யாரும் வரல.”

“எனக்குத் தெரியாது,” என்றான்.

“தெரிஞ்சிருந்தா?”

மேசைமேல் இருந்த கல்லைத் திருப்பி வைத்தான். பொய்யாகவாவது ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“உங்களுக்காக நிறுத்தல,” என்றேன். “கல்லுக்குத் தப்பா எழுதிடுவாங்களேன்னு நிறுத்தினேன்.”

அப்படித்தான் சொன்னேன். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் இரண்டரை மாதம் நான் பொறுக்கிய மணிகள் ஆஸ்திரேலியாவில் ஒற்றையாக உட்கார்ந்திருந்தன, மறுபாதிக் கணக்குக்குக் காத்துக்கொண்டு. பச்சைக்கல் கெட்டால் அவையும் வீண். பாதிக்குப் பாதி அதுவும் இருந்தது. இன்னொன்றும் இருந்தது: எது மூத்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். பகை ஒரு பக்கம் இழுக்க, வெறும் ஆசை மறுபக்கம் இழுத்தது. ஆசைக்குத்தான் பலம் அதிகம்.

“மெஷினைக் கழுவிக் கொடுத்துட்டுப் போயிடு,” என்றான். “இனிமே இங்க வேணாம்.”

“அண்ணே?”

“அண்ணனைப் பத்தி நான் ஒண்ணும் பேசல.”

மூன்று நாள் கழுவினோம். தட்டுகளைக் கழற்றி, கம்பித் தூரிகையால் பல் பல்லாகத் தேய்த்து, அமிலத்தில் அலசி, திரும்பப் பூட்டி, வெறும் வெள்ளைப் படிகக்கல்லைப் போட்டுப் போட்டு அரைத்து எறிந்தோம். கையுறைக்குள் விரல் ஊறி வெந்துவிட்டது. அவனும் கூடவே தேய்த்தான். கடைசிப் படிக மாவைக் கரியில் வைத்து நான் ஊதினேன். குழி காலியாக இருந்தது. அந்தச் சோதனை எட்டும் அளவு எனக்குத் தெரியும், அதற்குக் கீழே எட்டாததும் தெரியும். அதனால் இன்னும் இரண்டு தரம் தேய்க்கச் சொன்னேன். தேய்த்தான். வியாழக்கிழமை பச்சைக்கல் தாடைக்குள் போனது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். தவுக்கே சாலைவரை வந்து பார்த்தார், ஏன் என்று கேட்கவில்லை.

*

பிறகு ஒரு சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் தைத்தேன். கண்ணுக்கு முன்னால் எல்லாமே பெரிதாக இருந்தது, அருவருப்பாக.

ஒரு வருஷம் போல இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை, துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். வேலிக்கு வெளியே மோட்டார் நின்றது. அவன். அதே வெள்ளைச் சட்டை. உள்ளே வா என்று நான் சொல்லவில்லை, அவனும் வரவில்லை.

“கடுதாசி வந்துடுச்சு,” என்றான் வேலிக்கு மேலாக.

நான் வேட்டியை உதறினேன்.

“பச்சைக்கல்தான் மூத்தது. சாம்பல் கல் சின்னது, பின்னாடி உருகி உள்ள நுழைஞ்சிருக்கு. கீழ கிடக்கிறதுதான் முதல்லன்னு நான் எழுதினது அவ்வளவும் தப்பு.”

சிரித்தேன். பக்கத்து வீட்டுக் கோழி ஓடுகிற அளவுக்குச் சிரித்தேன்.

“சந்தோஷமா?”

“ரொம்ப.”

“ஆனா என்னை எடுத்துக்கிட்டாங்க,” என்றான். “தப்பா இருந்தாலும் அளவு சுத்தமா இருக்காம். அடுத்த மாசம் போறேன்.”

சிரிப்பு நின்றது. நான் பொத்தானை அழுத்தாமல் இருந்திருந்தால் இவன் இங்கேயே கிடந்திருப்பான். என் கையாலேயே விமானம் ஏற்றிவிட்டேன்.

“அங்கேருந்து இன்னும் கல் அனுப்புவேன். சிர்கோன் பொறுக்க ஆள் இல்ல. அண்ணன் உன்னைக் கேக்கச் சொன்னாரு.”

“அண்ணன் கேக்கச் சொன்னாரா, நீங்க கேக்கறீங்களா?”

நான்கு பேனாவில் ஒன்றைச் சரி செய்தான். அவனால் முடியவில்லை. கிராணி வீட்டுப் படி அவன் முதுகெலும்பில் இருந்தது.

“வேற கண்ணைத் தேடிக்கங்க,” என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு மோட்டாரை உதைத்தான். தெருமுனைவரை போய்விட்டான். அப்போதுதான் உறைத்தது: எது மூத்தது என்று சொன்னான், எத்தனை வயது என்று சொல்லவில்லை. ஈரத் துணியைக் கொடியில் எறிந்துவிட்டு ஓடினேன். செருப்புகூடப் போடவில்லை. பெரிய சாலையில் லாரி போக நின்றிருந்தவன் பக்கத்தில் போய் நின்று, மூச்சிரைக்க, கோபமாகவே கேட்டேன்.

“எத்தனை வயசு?”

அவன் எஞ்சினை அணைத்தான். சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தான். வாசித்துச் சொல்லவில்லை. பிரித்து, நான் பார்க்கும்படி மோட்டாரின் எண்ணெய்த் தொட்டிமேல் வைத்து, காற்றில் பறக்காமல் ஒரு ஓரத்தை அவன் பிடித்துக்கொண்டான். மறு ஓரத்தை நான் பிடித்தேன். ஆங்கிலம் எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். எண்கள் கூட்டாமலே வரும். பச்சைக்கல்லுக்கு இருநூற்று எழுபது கோடி வருஷத்துக்குப் பக்கம். சாம்பல் கல், நான் பொறுக்கிய மணிகள், அதைவிடப் பத்துப் பதினைந்து கோடி இளையவை. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று ஒரு சின்ன எண்.

“இது எதுக்கு?” என்றேன்.

“தெரியாததைத் தெரியாதுன்னு போட்டுக்கறது,” என்றான்.

இன்னொரு தரம் படித்தேன். அவன் அவசரப்படுத்தவில்லை. லாரிகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. படித்து முடித்ததும் என் ஓரத்தை விட்டேன். அவன் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, போகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனான். நானும் போ என்று சொல்லவில்லை.